தக்காளி சட்னியும் நாலு மில்லி ஆம்பியரும்!

"ஏங்க... தோசைக்குத் தேங்காய்ச் சட்னி அரைக்கவா, தக்காளியா?"

என் மனைவி அடுக்களையிலிருந்து கேட்ட இந்தக் கேள்வி அன்றைக்கு அம்பத்தூரில் மட்டும் கேட்கவில்லை. திருச்சி, ஓசூர், கோயமுத்தூர், குஜராத்தில் பரூச், கடல் கடந்து மஸ்கட் என்று நாற்பத்து மூன்று வீடுகளில் ஒரே சமயத்தில் கேட்டது. காரணம், லாப்டாப்பில் மைக்கை அணைக்க மறந்திருந்தேன்.

பாடம் நடத்திக்கொண்டிருந்த வாத்தியார் சட்டென்று நிறுத்தினார். திரையின் ஓரத்தில் 'டிங்' என்று ஒரு வரி வந்து விழுந்தது. மஸ்கட் ஆசாமி எழுதியிருந்தார்: 'தக்காளி'.

அந்த ஆன்லைன் டிரெய்னிங்கில் சேர்ந்து அன்றோடு நாலு வாரம். நாலு வாரத்தில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பிய முதல் கேள்வி அதுதான். நான் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை. தெரியாததால் கேட்கவில்லையா, தெரிந்ததால் கேட்கவில்லையா என்று நீங்கள் நினைக்கலாம். தெரியாதது தெரிந்துவிடக் கூடாதே என்றுதான் கேட்கவில்லை!

கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும்.

நான் டிப்ளமோ எலெக்ட்ரிகல். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபாக்டரியில் மெயின்டனன்ஸ். வயது நாற்பத்தொன்று. மோட்டார், கான்டாக்டர், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர், ரிலே பேனல் என்று இருபது வருஷக் குடித்தனம். பேனல் கதவைத் திறந்தால் போதும், எந்த ரிலே 'டக்'கென்று அடிக்கிறது, எது முரண்டு பிடிக்கிறது என்பதைக் காதாலேயே சொல்லிவிடுவேன். ஃபாக்டரியில் எனக்கு 'டாக்டர்' என்று பட்டப்பெயர்கூட உண்டு.

போன வருஷம் புது மெஷின்கள் வந்து இறங்கின. பந்தாவாகக் கதவைத் திறந்தேன். ரிலேக்களைக் காணோம். சாம்பல் நிறத்தில் ஒரு டப்பா, நாலைந்து பச்சை விளக்குகள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தன. பி.எல்.சி.! அதாவது புரோகிராமபிள் லாஜிக் கன்ட்ரோலர். சத்தமே கிடையாது. என் காதுக்கு வேலை போய்விட்டது. காதுக்கு மட்டும்தானா, ஆளுக்கும் சேர்த்தா என்பது அன்றிரவு படுத்தபோது வந்த சந்தேகம்.

மானேஜர் கூப்பிட்டுச் சொன்னார். "பன்னிரண்டு வாரம் ஆன்லைன் டிரெய்னிங். பாதிப் பணம் கம்பெனி, பாதி உங்க சம்பளத்தில் பிடிப்போம். முடிச்சவங்க புது லைனுக்கு."

"முடிக்காதவங்க சார்?"

"பழைய லைன் இருக்கிறவரைக்கும் பழைய லைன்ல இருக்கலாம்."

பழைய லைனை மார்ச்சோடு மூடப்போகிறார்கள் என்பது கான்டீன் பையன் வரைக்கும் தெரிந்த ரகசியம்.

சேர்ந்தேன். செவ்வாய், வியாழன் ராத்திரி ஏழரையிலிருந்து ஒன்பது. எங்கள் வீட்டில் ஒரே ஹால். அந்த நேரத்தில் அது அம்மாவின் சீரியல் ராஜ்ஜியம். முதல் நாள் டி.வி.யை அணைத்தபோது, பெற்ற பிள்ளையைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை. "படிக்கிற வயசுல படிச்சிருக்கணும்டா" என்று சொல்லிவிட்டு, நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். லாப்டாப்பை வைக்க மேஜை கிடையாது. அயர்ன் பண்ணுகிற பலகைமேல் வைத்தேன். இன்றைக்கும் என் பி.எல்.சி. நோட்டில் லேசாக இஸ்திரி வாசனை அடிக்கும்.

வகுப்பில் சேர்ந்தபிறகுதான் இன்னொரு குண்டு. எங்கள் ஃபாக்டரியிலேயே எனக்குக் கீழே வேலை பார்க்கும் பையன், பி.ஈ. முடித்தவன், இருபத்தைந்து வயசு, அவன் பெயரும் திரையில் இருந்தது. ஒரு சின்னக் கறுப்புக் கட்டத்தில் என் பெயர், பக்கத்துக் கட்டத்தில் அவன் பெயர். இவன் எதிரில் 'எனக்குப் புரியவில்லை' என்று வாயைத் திறப்பதா? காமிராவை அணைத்தேன். மைக்கை அணைத்தேன். வாயையும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பி.எல்.சி. என்ற வஸ்துவே என்னைப் போன்ற ஆசாமிகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. 1968-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் கியர்பாக்ஸ் பிரிவுக்கு ஒரு தலைவலி. காரின் மாடல் மாறும்போதெல்லாம் அலமாரி அலமாரியாக ரிலேக்களைப் பிடுங்கி, வயரை மாற்றி முடுக்க வேண்டும். 'வயருக்குப் பதிலாக புரோகிராமை மாற்றினால் போதும் என்கிற மாதிரி ஏதாவது கொடுங்கள்' என்று கேட்டார்கள். டிக் மார்லி என்பவரின் குழு ஒரு பெட்டியைச் செய்தது. அந்தக் கம்பெனியின் 84-வது பிராஜெக்ட் என்பதால் அதற்கு 084 என்றே பெயர். எலெக்ட்ரீஷியன்கள் கம்ப்யூட்டர் மொழியைக் கண்டு மிரண்டுவிடக் கூடாதே என்று, அவர்கள் பழகிய ரிலே படத்தைப் போலவே ஏணிப்படி வடிவத்தில் புரோகிராம் எழுத வழி செய்தார்கள். அதுதான் லேடர் லாஜிக்.

ஆக, ஏணி எனக்காகப் போட்டது. நான்தான் முதல் படியிலேயே வழுக்கிவிட்டேன்.

எங்கே வழுக்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். மோட்டாரை நிறுத்துகிற சிவப்பு பட்டன் இருக்கிறதே, அதை எப்போதும் 'நார்மலி க்ளோஸ்டு' என்ற என்.சி. வகையாகத்தான் வயர் பண்ணுவோம். அமுக்காதபோது கரன்ட் ஓடும், அமுக்கினால் அறுபடும். இது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனால் வாத்தியார் எழுதிய லேடரில் அதே ஸ்டாப் பட்டனுக்கு என்.ஓ. அடையாளம், அதாவது 'நார்மலி ஓப்பன்' போட்டிருந்தது. தப்பாகப் போட்டுவிட்டாரா? இரண்டாவது படத்திலும் அப்படியே. மூன்றாவதிலும். சரி, தப்பு அவர் பக்கம் இல்லை. அன்றிலிருந்து மூன்று வாரம் நான் வகுப்பில் உட்கார்ந்திருந்தேனே தவிர, வகுப்பு எனக்குள் உட்காரவில்லை. 'பணத்தைத் திருப்பித் தருவார்களா' என்ற ஷரத்தைக்கூட ஒருநாள் தேடிப் படித்தேன். தரமாட்டார்களாம்.

இந்த நிலையில்தான் சட்னி.

வாத்தியார் கோபிக்கவில்லை. திருச்சிக்காரர். முப்பது வருஷம் இன்ஸ்ட்ருமென்டேஷனில் இருந்து ரிடையரானவர். வாய்விட்டுச் சிரித்தார்.

"நாலு வாரமா இந்த வகுப்பில் இப்பத்தான் ஒரு உயிருள்ள சத்தம் கேட்டிருக்கேன். அந்தம்மாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லுங்க. எனக்கு இங்கே என்ன தெரியுது தெரியுமா? நாற்பத்து மூணு கறுப்புக் கட்டம். புரிஞ்சுதான் பேசாம இருக்கீங்களா, நெட் போயிடுச்சா, தூங்கிட்டீங்களா... மூணும் ஒரே மாதிரிதான் இருக்கு. நீங்கள்லாம் ஜீரோ மில்லி ஆம்பியர் சார்!"

சொல்லிவிட்டு அன்றைய பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு கதை சொன்னார். இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் இதை இப்படிச் சொன்னதில்லை.

ஒரு டாங்க்கில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தூரத்தில் இருக்கும் கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்ல வேண்டும். டாங்க்கில் இருக்கும் கருவி ஒரு ஜோடி வயரில் கொஞ்சூண்டு கரன்ட் அனுப்பும். டாங்க் நிறைந்தால் 20 மில்லி ஆம்பியர். பாதி என்றால் 12. காலி என்றால்? பூஜ்யம் என்றுதானே சொல்வீர்கள். இல்லை, 4! காலி டாங்க்குக்கு எதற்கு வெட்டியாக நாலு? வயர் அறுந்துபோனால் கரன்ட் பூஜ்யமாகிவிடும். காலிக்கும் பூஜ்யம், அறுந்ததற்கும் பூஜ்யம் என்று வைத்தால், கன்ட்ரோல் ரூமில் இருக்கிறவனுக்கு எதைத் தெரியும்? அதனால்தான் நாலு. 'டாங்க் காலி, ஆனா நான் உசிரோட இருக்கேன்' என்று சொல்கிற நாலு. அதற்குப் பெயரே 'லைவ் ஜீரோ'. கரன்ட்டுக்கு முன்னால் காற்றழுத்தத்தில் சமிக்ஞை அனுப்பிய காலத்திலும் இதே கதைதான். அங்கே 3 பி.எஸ்.ஐ.யிலிருந்து 15 வரை.

"லைவ் கிளாஸ்னு விளம்பரம் பண்ணிச் சேர்த்துட்டோம். லைவ் ஜீரோவாவது குடுங்க சார்! 'புரியலை'ன்னு சொன்னா அது நாலு மில்லி ஆம்பியர். எனக்கு அது போதும்."

என் மைக் இன்னும் திறந்தேதான் இருந்தது. அணைத்துவிட்டு யோசித்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன். "சார்... அந்த ஸ்டாப் பட்டன்..." என்று ஆரம்பித்துவிட்டேன். குரல் கொஞ்சம் கம்மியது. இருபது வருஷம் டாக்டராக இருந்துவிட்டு, தெர்மாமீட்டரை எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்கிற மாதிரி.

பதில் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. லேடரில் இருக்கிற அடையாளம் பட்டனின் படம் அல்ல, அது பி.எல்.சி. தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும் கேள்வி. 'இந்த இன்புட்டில் கரன்ட் வருதா?' என்பதே என்.ஓ. அடையாளத்தின் அர்த்தம். என்.சி. பட்டனை யாரும் அமுக்காதபோது கரன்ட் வந்துகொண்டிருக்கும். 'வருது' என்றால் மோட்டார் ஓடலாம். அமுக்கினாலும் நிற்கும், பட்டனின் வயர் அறுந்தாலும் நிற்கும். தலைகீழாக வயர் பண்ணினாலும் மோட்டார் என்னவோ ஓடும். ஆனால் வயர் அறுந்த அன்று, ஆள் கை உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும்போது, சிவப்பு பட்டனை எத்தனை தடவை குத்தினாலும் நிற்காது.

சொல்லி முடித்ததும் 'டிங், டிங், டிங்'. திரையில் கட்டைவிரல்கள். எண்ணினேன், பதினேழு. அத்தனை பேருக்கும் அதே சந்தேகம் இருந்திருக்கிறது!

மறுநாள் கான்டீனில் நம் பி.ஈ. பையன் டீ டம்ளரோடு எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"சார், அதே டவுட்தான் சார் எனக்கும். முதல் வாரத்திலிருந்து."

"கேட்கறதுக்கு என்னப்பா?"

"நீங்க இருக்கீங்களே சார். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இதுகூடத் தெரியாம பி.ஈ. படிச்சியாம்பீங்களேன்னு..."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்து மூன்று வாரத்தைத் தொலைத்திருக்கிறோம். டீக்காசை நான் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். வகுப்பின் பதிவை மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு வேளையில் சேர்ந்து பார்ப்பது. அஞ்சு நிமிஷம் ஓடும். "நிறுத்து" என்பேன். புரிந்ததை அவன் சொல்வான், பேனலில் அது எங்கே வருகிறது என்பதை நான் சொல்வேன். பிறகு மறுபடி ஓட்டுவோம். வெல்டர் ஒருவரும் ஸ்டோர்ஸ்காரர் ஒருவரும் சும்மா வேடிக்கை பார்க்க வந்து, பிறகு வராத நாளில் கோபித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

இது ஏதோ எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். வாத்தியார்தான் அந்த எண்ணத்தை உடைத்தார். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 1969-லேயே, வேலை பார்க்கும் இன்ஜினீயர்களுக்காக வகுப்பறைப் பாடத்தை மைக்ரோவேவ் டி.வி. வழியாகக் கம்பெனிகளுக்கு நேரடியாக ஒளிபரப்பியதாம். கம்பெனியில் உட்கார்ந்தபடியே வாத்தியாரிடம் திருப்பிப் பேசவும் வசதி. ஆனால் சாண்டா ரோசா என்ற ஊரில் ஹ்யூலட்-பேக்கார்ட் கம்பெனியின் கிளைக்கு அலை எட்டவில்லை. ஜேம்ஸ் கிப்பன்ஸ் என்ற பேராசிரியர், 1970-களின் தொடக்கத்தில், பாடத்தை டேப்பில் பிடித்து அனுப்பினார். நாலைந்து பேர் ஒன்றாக உட்கார வேண்டும், கூட ஒரு வழிகாட்டி, அவர் மேதையாக இருக்க வேண்டியதில்லை. டேப்பை அடிக்கடி நிறுத்திப் பேச வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. 1977-ல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வந்தது. டேப் பார்த்த அந்த இன்ஜினீயர்கள், கல்லூரியில் வாத்தியாருக்கு எதிரிலேயே உட்கார்ந்து படித்தவர்களுக்குக் குறைவாக வாங்கவில்லை. பல சமயம் அவர்களைவிட நன்றாகவே வாங்கியிருந்தார்கள்!

எனக்கு இன்னும் பிடித்த கதை அதற்கும் முந்தியது. 1869-ல் பென்சில்வேனியாவில் அவோண்டேல் நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பிடித்து 110 பேர் செத்துப்போனார்கள். பின்னால், சுரங்க மேஸ்திரிகள் பரீட்சை எழுதித் தேறவேண்டும் என்று சட்டம் வந்தது. பாவம், பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காத ஆட்கள். தாமஸ் ஃபாஸ்டர் என்ற பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்காகத் தன் பத்திரிகையில் கேள்வி-பதில் பகுதி ஆரம்பித்தார். கேள்விகள் குவிந்தன. அதையே 1891-ல் தபால்வழிப் பாடமாக்கினார். உலகப் பிரசித்தமான இன்டர்நேஷனல் கரஸ்பாண்டன்ஸ் ஸ்கூல்ஸ் அப்படித்தான் பிறந்தது. நம் அப்பா, சித்தப்பாக்கள் ஷிஃப்ட் முடிந்து வந்து சிம்னி விளக்கில் ஏ.எம்.ஐ.ஈ. படித்த கதைக்கெல்லாம் அது கொள்ளுத்தாத்தா. எல்லாம் சுரங்கத் தொழிலாளிகள் கேட்ட கேள்விகளில் ஆரம்பித்தது.

இலவசமாகவே கிடைக்கிறதே, பணம் கட்டி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்ஸியும் சேர்ந்து 2003-ல் ஆரம்பித்த என்.பி.டெல்.லில் சேரக் காசு வேண்டாம், சர்ட்டிஃபிகேட் பரீட்சை எழுதத்தான் கட்டணம். பாடங்கள் முதல் தரம். நானே இரண்டில் பெயர் கொடுத்து, இரண்டையும் மூன்றாவது வாரத்தில் அனாதையாக விட்டிருக்கிறேன். இதில் எனக்குத் துணை ஏராளம். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய ஆன்லைன் பாடங்களைப் பற்றி 2019-ல் வந்த ஓர் ஆய்வுப்படி, 2017-18-ல் பெயர் கொடுத்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேர்தான் முடித்தார்கள். சர்ட்டிஃபிகேட்டுக்காகப் பணம் கட்டியவர்களில் 46 பேர்! காசு போட்டால் கால் நிற்கிறது. நம் ஊரில் மட்டும் இல்லை, எல்லா ஊரிலும்.

ஆனால் பணம் கட்டுமுன் கொஞ்சம் விசாரியுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர்? இருநூறு என்றால் அது வகுப்பல்ல, பொதுக்கூட்டம். வாத்தியார் ஃபாக்டரியில் கை அழுக்கானவரா? நிஜக் கருவியைத் தொட வழி உண்டா? சில இடங்களில் 'லைவ்' என்று சொல்லி போன வருஷம் பிடித்ததை ஓட்டுகிறார்கள். கண்டுபிடிக்கச் சுலப வழி, "சார், மணி என்ன?" என்று கேளுங்கள். இன்னொன்று, டிரெய்னிங் சர்ட்டிஃபிகேட் வேறு, பட்டம் வேறு. உரிய அனுமதியில்லாமல் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தபால் வழியில் கொடுத்த இன்ஜினீயரிங் பட்டங்களை 2017 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் நிறுத்திவைத்தது. அதை நம்பி பிரமோஷன் வாங்கியிருந்தவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது.

எங்கள் வகுப்பில் கருவி உண்டு. திருச்சியில் வாத்தியார் ஒரு பி.எல்.சி.யை மேஜைமேல் வைத்து, அதன்மேல் காமிராவைத் திருப்பியிருப்பார். நாம் நம் வீட்டிலிருந்து புரோகிராம் எழுதி அனுப்பலாம். ஒன்பதாவது வாரம் என் முறை. அயர்ன் பலகைமேல் நான் மவுஸை அமுக்க, திருச்சியில் பச்சை விளக்கு எரிந்தது. குட்டி மோட்டார் சுற்றியது. என் பெண் கைதட்டினாள். மனைவி கரண்டியோடு வந்து பார்த்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அம்மாகூட நாற்காலியைத் திருப்பினாள். "எங்கே, இன்னொரு வாட்டி எரிய விடு."

மவுஸ் என்றதும் எலி ஞாபகம் வருகிறது. நிஜ எலி.

பதினோராவது வாரம், நைட் ஷிஃப்ட்டிலிருந்து போன். கூலிங் வாட்டர் டாங்க் காலி என்று திரையில் காட்டுகிறது, பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது, லெவல் ஏறவே இல்லை, பம்ப்பைக் கழற்றப்போகிறோம் என்றார்கள். "கைவைக்காதீங்க, வரேன்" என்று ஸ்கூட்டரை எடுத்தேன். நம் பையன் எனக்கு முன்னால் வந்திருந்தான். மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. மேலே டாங்க் நிறைந்து வழிகிறது; கீழே திரையில் பூஜ்யம்.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மல்டிமீட்டருக்குக் கை நீட்டினோம். வயரில் வைத்துப் பார்த்தால் சுத்தமாக 0. டாங்க் உண்மையிலேயே காலி என்றால் 4 இருக்க வேண்டும். "அறுந்திருக்கு சார்!" என்றான். கேபிள் வழியே டார்ச் அடித்துக்கொண்டு போனோம். கூரைக்குக் கீழே, திருப்பத்தில், எலி நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டிருந்தது.

கேபிளைச் சேர்த்து முடிக்க மணி மூன்றரை. புரோகிராமில், 3.6 மில்லி ஆம்பியருக்குக் கீழே போனால் 'லெவல் காலி' என்று காட்டாமல் 'வயர் கோளாறு' என்று அலறும்படி ஒரு படி சேர்த்தோம். அவன் எழுதினான், நான் வயரைக் கழற்றிக் கழற்றிச் சோதித்தேன்.

பரீட்சையில் அவன் 82, நான் 74. பழைய லைனை மார்ச்சில் மூடினார்கள். நாங்கள் இரண்டு பேரும் புது லைனில் இருக்கிறோம். வகுப்பு முடிந்த மறுவாரம் செவ்வாய்க்கிழமை, ஏழரை மணிக்கு டி.வி.யைப் போட்டு ரிமோட்டை அம்மா கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் சீரியலைப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டா, அந்த நாலு மில்லி வாத்தியார் இன்னிக்கு வரலியா?"